ஃபிளெக்ஸ் பிளேட் உடைந்த நாள்

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வண்டி நகரவில்லை.

தஞ்சோங் காராங் வயல்களுக்கு நடுவே, வாய்க்காலை ஒட்டியே போகும் சாலை அது. வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. எண்ணெய் மிதியை அழுத்தினேன். எஞ்சின் உறுமியது, டர்போவின் மெல்லிய சீழ்க்கைகூடக் கேட்டது. ஆனால் சக்கரங்களுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. அடியில் எங்கோ இரும்பும் இரும்பும் உரசின.

சாவியைத் திருப்பி அணைத்தேன். மறுபடி முடுக்கியபோது ஸ்டார்ட்டர் வெறுமனே சுற்றியது. எஞ்சின் எழும்பவில்லை.

பின்னால் பெட்டிகளில் இறாலும் நண்டும் கெம்போங் மீனும் இருந்தன. பனிக்கட்டி உருகும் தண்ணீர் கதவிடுக்கு வழியாகச் சொட்டித் தார்ச்சாலையில் கறையாகப் பரவியது. அறுப்பு முடிந்த வயலில் கொக்குகள் நடந்துகொண்டிருந்தன. நான் கதவைத் திறந்து, செயற்கைக் காலை முதலில் ஊன்றி, வண்டியைப் பிடித்தபடி எழுந்து நின்றேன்.

பாசிர் பெனம்பாங் மீன்துறையைப் பற்றி இந்தத் தொடரில் எழுதியதைப் படித்த வாசகி ஒருவர், “ஒரு கால் இல்லாமல் எப்படி வண்டி ஓட்டுகிறீர்கள்?” என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், இந்த வாய்க்கால் ஓரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கெளுத்தி முள்

நான் மீன் விற்பவள். விடியும் முன் பாசிர் பெனம்பாங்கில் மீன் எடுத்து, கோல சிலாங்கூரைச் சுற்றியுள்ள எஸ்டேட்டுகளுக்குக் கொண்டுபோவேன். அப்பா பால்மரம் சீவியவர். நான் பிறந்தது எஸ்டேட் தொழிலாளர் லயத்தில். கணவர் தனபாலுக்கு செரண்டாவில் இரும்புத் தகடு அழுத்தும் தொழிற்சாலையில் வேலை. வார நாள்களில் அங்கேயே அறை எடுத்துத் தங்குவார். சனிக்கிழமை மாலை மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வருவார்.

ஒருநாள் துறையில் கூடையைத் தூக்கும்போது, பலகையில் சிதறிக் கிடந்த கெளுத்தி ஒன்றின் முள் செருப்பைத் துளைத்து இடது பாதத்தில் ஏறியது. மீன்காரிக்கு முள் குத்துவது புதிதில்லை. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போனேன். எனக்கு இனிப்பு நீர் உண்டு. சர்க்கரை ஏறிய உடம்பில் கால் வலியைச் சொல்லாது என்று கிளினிக்கில் பலமுறை எச்சரித்திருந்தார்கள். வலிக்காததால் ஆறிவிட்டது என்றே நினைத்தேன்.

பாதம் கறுத்துக் காய்ச்சல் அடித்தபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். தள்ளுவண்டியில் படுத்தபடி கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகக் கடந்துபோனதைப் பார்த்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. கண் விழித்தபோது போர்வை இடது முழங்காலுக்குக் கீழே தட்டையாகக் கிடந்தது.

யார் சம்மதம் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. தனபாலும் சொல்லவில்லை.

தாதி கட்டுப் பிரிக்க வரும்போதெல்லாம் அவர் வெளியே போய்விடுவார். வீடு திரும்பிய பிறகும் அப்படித்தான். நான் செயற்கைக் காலைக் கழற்ற உட்கார்ந்தால், அவருக்குப் பின்பக்கம் ஏதாவது வேலை வந்துவிடும். அருவருப்பு என்று முடிவு செய்துகொண்டேன். அந்த முடிவை யாரிடமும் சொல்லாமல் உள்ளேயே வைத்திருந்தேன். வீட்டில் இருக்கும் நாள்களில் மருந்து வாங்கித் தருவார், சோறு ஆக்குவார், குளிக்கத் தண்ணீர் பிடித்து வைப்பார். என் இடுப்புக்குக் கீழே மட்டும் அவர் கண் போகாது.

வீட்டு வாசலுக்கு வந்த மீன்

என் வண்டி ஒரு சின்ன உள்ளூர்க் கார். பின் இருக்கையைக் கழற்றிவிட்டுப் பெட்டிகளை அடுக்குவேன். அதன் பழைய எஞ்சின் பாரம் இழுக்காமல் திணறியதால், ஜேம்ஸ் அதை இறக்கிவிட்டு ஜப்பான் டர்போ எஞ்சின் ஒன்றை வைத்துக் கொடுத்திருந்தான். ஜேம்ஸ் எங்கள் எஸ்டேட்டில் மாதா கோயில் பக்கத்து லயத்தில் வளர்ந்தவன். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான். கோல சிலாங்கூரிலிருந்து வடக்கே போகும் சாலையில் சொந்தப் பட்டறை.

கிளட்ச் மிதிக்க இடது கால் வேண்டும். எனக்கு அது இல்லை.

“வண்டிய வித்துடு. என் சம்பளம் போதும். நீ வீட்ல இரு” என்றார் தனபால்.

இருந்தேன். தொலைக்காட்சி பார்த்தேன். அரிசியில் கல் பொறுக்கினேன், கல்லே இல்லாத அரிசியில்.

ஒரு காலை எங்கள் தெருவில் ஹார்ன் அடித்துக்கொண்டு ஒருவர் மீன் கொண்டுவந்தார். நான் போகாத இடத்துக்கு வேறு ஆள் வரத்தானே செய்வார். பூட்டியிருந்த இரும்புக் கதவின் கம்பி வழியாகக் கையை நீட்டிக் கெம்போங் வாங்கினேன். செவுளை விரித்துப் பார்த்தேன், நிறம் வெளுத்திருந்தது. முந்தாநாள் மீன். எதுவும் பேசாமல் வாங்கிக் குழம்பு வைத்தேன். சாப்பிட முடியவில்லை. அன்று மத்தியானம் ஜேம்சைக் கூப்பிட்டேன்.

அவன் வந்து வண்டியைத் திறந்து, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் கேட்டான்.

“எஞ்சின் நல்லாத்தான் இருக்கு, கமலாக்கா. ஆட்டோ கியர் போட்டுட்டா கிளட்ச் வேணாம். வலது கால் ஒண்ணு போதும் லா.”

“இந்த எஞ்சினுக்கு ஆட்டோ கியர் சேருமா?”

“சேக்கணும். அங்கதான் தலைவலி. எஞ்சின் ஒரு வண்டியோடது, கியர் பாக்ஸ் இன்னொரு வண்டியோடது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு பிளேட் வரும். ஃபிளெக்ஸ் பிளேட்டும்பாங்க. அது ரெண்டு பக்கமும் ஒத்துப்போகணும்.”

ஜப்பானில் கழித்த கார்களைப் பாதியாக அறுத்து, முன்பாதியை எஞ்சினோடும் கியர் பாக்ஸோடும் இங்கே கொண்டுவந்து விற்கிறார்கள். ஹாஃப்-கட் என்று பெயர். அப்படி ஒரு கடையிலிருந்து ஜேம்ஸ் ஆட்டோ கியர் பாக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தான். கூடவே அந்தப் பிளேட்டும் வந்தது. சோற்றுத் தட்டைவிடப் பெரிய, மெல்லிய எஃகுத் தகடு. நடுவிலுள்ள துளைகளில் எஞ்சினின் தண்டோடு முடுக்க வேண்டும். வெளித் துளைகளில் கன்வர்ட்டரோடு முடுக்க வேண்டும். கன்வர்ட்டர் என்பது கியர் பாக்ஸின் வாயில் உட்கார்ந்திருக்கும் கனத்த இரும்புக் குடம். எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாக உள்ளே அனுப்புவது அதுதான். தகட்டின் விளிம்பைச் சுற்றி ஸ்டார்ட்டர் கடிப்பதற்குப் பற்கள்.

அந்தத் தகடு டர்போ இல்லாத வண்டியினுடையது. ஆனால் எஞ்சின் பக்கத் துளைகள் சேர்ந்தன, கன்வர்ட்டர் துளைகளும் சேர்ந்தன, ஸ்டார்ட்டரும் கடித்தது.

“போல்ட் எல்லாம் சரியா உள்ள போயிடுச்சு அக்கா” என்று ஜேம்ஸ் சிரித்தபடி எழுந்தான்.

ஓட்டுநர் உரிமத்தை மாற்றி வாங்கி, முதல்முறை தனியாக ஓட்டிப் போனபோது, ஆற்றுப் பாலத்தின் மேல் சன்னலைத் திறந்துவிட்டேன். சேற்று நாற்றமும் மீன் நாற்றமும் டீசல் புகையும் சேர்ந்து உள்ளே வந்தன. அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு போய் மீன் எடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை தனபால் வந்து வண்டியை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். “பாத்து ஓட்டு” என்றார். அவ்வளவுதான்.

தட்டும் சத்தம்

சில வாரம் கழித்துச் சத்தம் ஆரம்பித்தது. வண்டி நிற்கும்போது எஞ்சின் பக்கமிருந்து டக் டக் என்று ஒரு தட்டல். ஜேம்ஸ் காது வைத்துக் கேட்டான். முகம் வாடிவிட்டது.

“எஞ்சின் உள்ள தட்டுது அக்கா. அடிப் பேரிங் போயிருந்தா எஞ்சினையே மாத்தணும்.”

அந்தச் சத்தத்தோடு நான் சில நாள் வண்டியை ஓட்டியிருந்தேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று கிளம்புபவளுக்கு வண்டியின் மூச்சு பழகிவிடும்.

“கியர்ல போட்டா நின்னுடுது ஜேம்ஸ். பிரேக்க மிதிச்சுக்கிட்டே டி-ல போட்டா சத்தம் இல்ல. எடுத்தா மறுபடியும் வருது.”

அவன் உட்கார்ந்து போட்டுப் பார்த்தான். எடுத்துப் பார்த்தான். மறுபடி போட்டான்.

“அப்ப எஞ்சின் இல்ல” என்றான் மெதுவாக. “நடுவுலதான் ஏதோ. சனிக்கிழம விடுங்க, கியர் பாக்ஸ எறக்கிப் பாத்துடுறேன். அதுவரைக்கும் ரொம்ப ஓட்டாதீங்க.”

ஆனால் வெள்ளிக்கிழமை ஓர் எஸ்டேட் வீட்டில் பிறந்தநாள் விருந்து. இறாலும் நண்டும் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தேன். மாதக்கணக்கில் வராதவள் திரும்ப வந்து, அந்த வீட்டின் இரண்டாவது ஆர்டரிலேயே முடியாது என்று எப்படிச் சொல்வது? தனபாலிடம் சத்தத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. சொன்னால் வண்டி போய்விடும் என்று தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமைதான் வாய்க்கால் ஓரத்தில் நின்றேன்.

உருகிய பனிக்கட்டி

ஜேம்சைக் கூப்பிட்டேன். இழுவை லோரி வெளியே போயிருந்தது, மத்தியானத்துக்கு மேல்தான் வரும் என்றான். தனபாலை அழைக்கக் கை வரவில்லை. ஜேம்சே அவருக்குச் சொல்லிவிட்டான்.

வயலில் இருந்து ஒரு மலாய்ப் பெரியவர் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கரையேறினார். என் காலைப் பார்த்தார், பிறகு சொட்டும் தண்ணீரைப் பார்த்தார். எங்கே போக வேண்டிய மீன் என்று கேட்டார். சொன்னேன். விருந்து வீட்டுப் பெட்டியைத் தூக்கித் தன் மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் வைத்துக் கயிற்றால் கட்டினார். கொடுக்கப் போன பணத்தை வாங்கவில்லை. போய்க் கொடுத்துவிட்டு, திரும்பி வரும்போது கடையிலிருந்து ஒரு பை பனிக்கட்டி கொண்டுவந்து மீதி மீனின் மேல் கொட்டினார். பிறகு வயலுக்கு இறங்கிவிட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வெயில் தலைக்கு மேல் வந்தபோது தனபால் வந்தார். தொழிற்சாலைச் சட்டையோடு. முதுகு முழுதும் வியர்வை. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வாய்க்கால் கரையில் மர நிழல் விழுந்த இடத்தைத் துண்டால் தட்டிவிட்டு, “இங்க வந்து உக்காரு” என்றார்.

உட்கார்ந்தேன். தண்ணீர் பழுப்பாக, சத்தமில்லாமல் ஓடியது.

“போதும் கமலா. வித்துடலாம்.”

“வீட்ல உக்காந்து என்னங்க செய்யச் சொல்றீங்க?”

“ரோட்டுல இப்படித் தனியா நிக்கிறியே. யாராச்சும் வந்து இடிச்சிருந்தா? உன்ன அந்த மாதிரி இன்னொரு தடவ பாக்க எனக்குத் தெம்பு இல்ல.”

உள்ளே வைத்திருந்தது அப்போது வெளியே வந்துவிட்டது.

“நீங்க எங்க பாத்தீங்க? இந்தக் கால ஒரு நாள் பாத்திருப்பீங்களா? நான் கழட்டினா எந்திரிச்சுப் போயிடுறீங்க. பாக்கப் புடிக்காதவருக்கு எதுக்குத் தெம்பு?”

அவர் என் பக்கம் திரும்பவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்படியே சொன்னார்.

“பாத்துட்டேன் கமலா. என் கையிலதான் வாங்கிட்டு வந்தேன்.”

எனக்குப் புரியவில்லை.

“நீ நெனவு இல்லாம கெடந்த. கால எடுக்கலன்னா ஆளு போயிடும்னு டாக்டர் சொன்னாரு. சரின்னு நான்தான் சொன்னேன். எடுத்து முடிச்சதும் ஒரு தாதி வந்து, இத நீங்க எடுத்துட்டுப் போறீங்களா, இல்ல நாங்களே பாத்துக்கவான்னு கேட்டாங்க. நாங்களேன்னா என்ன செய்வாங்கன்னு கேட்டேன். எரிச்சிடுவோம்னாங்க. மத்ததோட சேத்து.”

அவர் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“என்னால குடுக்க முடியல. துணியில சுத்திக் குடுத்தாங்க. மடியில வச்சுக்கிட்டு மோட்டார்ல வந்தேன். கனமா இருந்துச்சு. ஹெல்மெட்டுக்குள்ள அழுதுகிட்டே வந்தேன். நம்ம பழைய எஸ்டேட் இடுகாட்டுல, உங்கப்பா பக்கத்துல பொதச்சேன். அதுக்கப்புறம் உன் கால் பக்கம் கண்ணு போனாலே மடியில அந்தக் கனம் வந்துடுது. அதான் எந்திரிச்சுப் போயிடுவேன்.”

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் எங்கோ குப்பையோடு போயிருக்கும் என்றுதான் அத்தனை மாதமும் நினைத்திருந்தேன். சில சமயம் இல்லாத பாதத்தின் விரல்கள் அரிக்கும். அப்போதெல்லாம் அது எங்கே கிடக்கிறதோ என்ற நினைப்பு வரும். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் விட்டுவிடுவேன்.

எனக்கு அழுகை வரவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கத் தோன்றியது.

“எந்தத் திசையப் பாத்து வச்சீங்க?”

“உங்கப்பா எப்படிப் படுத்திருக்காரோ, அதே மாதிரிதான்” என்றார்.

இழுவை லோரி வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

சரியான பிளேட்

மறுநாள் ஜேம்ஸ் கியர் பாக்ஸை இறக்கினான். தகடு நடுவிலிருந்து கிழிந்து வந்தது. போல்ட் துளைகளைச் சுற்றி வெடிப்புகள் நட்சத்திரம்போல ஓடி, ஒன்றோடொன்று சேர்ந்து வட்டமாக அறுத்துவிட்டிருந்தன. தனபால் அதைக் கையில் வாங்கி, வெடிப்பின் மேல் விரலை ஓட்டினார். தகடுகளோடு வாழ்நாளைக் கழித்தவர் அவர்.

“இது ஒரு நாள்ல ஒடஞ்சது இல்ல. வளைஞ்சு வளைஞ்சு விட்டிருக்கு.”

ஜேம்ஸ் தலையாட்டினான். “என் தப்பு மாமா. போல்ட் உள்ள போனா போதும்னு நெனச்சுட்டேன். கன்வர்ட்டர முழுசா உள்ள தள்ளிட்டு, அதுக்கும் பிளேட்டுக்கும் நடுவுல எவ்வளவு எடம் இருக்குன்னு அளந்திருக்கணும். கொஞ்சமா எடம் இருக்கணும். இல்லன்னா முடுக்கும்போது உள்ள இருக்கிற பம்ப் நசுங்கிடும். ரொம்பவும் இருக்கக் கூடாது. இதுல வெரல் போற அளவுக்கு இருந்திருக்கு. நான் போல்ட்டாலயே இழுத்துக் கட்டிட்டேன். வளைஞ்ச பிளேட்ட டர்போ முறுக்கினா எத்தன நாள் தாங்கும்?”

என்னைப் பார்த்து, “வாய்க்கால்ல எறங்கியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன் அக்கா” என்றான். கண் கலங்கியிருந்தது. “நீ சொன்னத கேக்காம நானும்தானே ஓட்டினேன்” என்றேன்.

வண்டியை விற்பதைப் பற்றி தனபால் மறுபடி பேசவில்லை. தொழிற்சாலைக்கு விடுப்பு சொன்னார். மூவரும் ஜேம்ஸின் லோரியில் ரவாங் பக்கம் ஹாஃப்-கட் கடைகளுக்குப் போனோம். கன்வர்ட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் அவர்தான். நான் அதைக் கவனித்தேன்.

முதல் கடையில் கிடைத்த தகட்டுக்குத் துளைகள் சேரவில்லை. இரண்டாவது கடையில் துளைகள் சேர்ந்தன, கன்வர்ட்டரை எட்டும் அளவுக்குத் தகட்டின் குழிவு போதவில்லை. கடைசியில், எங்கள் எஞ்சின் ரகத்தையே ஆட்டோ கியரோடு வைத்து ஓடிய டர்போ வண்டியின் முன்பாதி ஒன்று மூலையில் கிடந்தது. அதிலிருந்த தகடு பழையதைவிடத் தடிமன். குழிவும் அதிகம், கன்வர்ட்டரை இழுக்காமல் தானே போய்ச் சேரும். விளிம்புப் பற்களின் எண்ணிக்கை மட்டும் வேறு. அதனால் அந்த வண்டியின் ஸ்டார்ட்டரையும் சேர்த்தே கழற்றினான் ஜேம்ஸ்.

பட்டறையில் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்த்த பிறகு, கன்வர்ட்டருக்குப் போல்ட் போடும் முன் தனபாலைக் கூப்பிட்டான். “கையால சுத்திப் பாருங்க மாமா.”

அவர் வண்டிக்கு அடியில் படுத்துக் கையை உள்ளே விட்டார். கன்வர்ட்டர் தடையில்லாமல் சுற்றியது. இடைவெளியை அளந்தார்கள். இன்னொரு முறை அளந்தார்கள். பிறகுதான் முடுக்கினார்கள்.

எஞ்சின் எழும்பியதும் நான் காதைக் கொடுத்தேன். தட்டல் இல்லை.

அப்பாவின் பக்கத்தில்

“ஏறுங்க” என்றேன் தனபாலிடம். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

நாங்கள் பிறந்த எஸ்டேட் கைமாறிவிட்டது. லயங்களை இடித்து எண்ணெய்க்கான செம்பனை நட்டிருக்கிறார்கள். இடுகாட்டை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். சாலையிலிருந்து மண்பாதையில் இறங்கி, பனை ஓலைகள் இரண்டு பக்கமும் உரச, மெதுவாக ஓட்டினேன். பாதை முடிந்ததும் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

மற்ற கல்லறைகளில் புல் முட்டளவு வளர்ந்திருந்தது. அப்பாவின் கல்லைச் சுற்றி மட்டும் வெட்டிச் சுத்தமாக இருந்தது. சில சனிக்கிழமைகளில் தனபால் வீட்டுக்கு வரத் தாமதமாகும். வழியில் மழை என்பார்.

கல்லுக்கு இடது பக்கம் தரை கொஞ்சம் மேடாக இருந்தது. நான் பக்கத்துச் சிமெண்டுத் திட்டில் உட்கார்ந்து, பாவாடையை ஒதுக்கி, செயற்கைக் காலைக் கழற்றினேன். அவர் எழுந்து போகவில்லை. முன்னால் மண்டியிட்டு, பட்டை அழுத்திச் சிவந்திருந்த இடத்தை முதன்முறையாகத் தொட்டார்.

“வலிக்குதா?”

“இப்ப இல்ல.”

பிறகு நான் சொன்னேன்: “நான் போனா இங்கயே கொண்டாந்துடுங்க. இதையும் எடுத்து என்னோட சேத்துடுங்க.”

“நான் முந்திப் போயிட்டா?”

அந்த இடம் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

அதனால்தான் இதை இங்கே எழுதி வைக்கிறேன். செம்பனைக்கு நடுவே பழைய இடுகாடு. உள்ளே நுழைந்ததும் வேலி ஓரத்தில் மூன்றாவது வரிசை. என் அப்பாவின் கல்லுக்கு இடது பக்கம், ஒரு முழம் தள்ளி.